பிடிவாதத்துக்கு உயிருள்ள சாட்சி

அரபு அகராதி எழுதும் சொற்காப்பு மன்றத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அரசு அலுவலகத்தில் லிஃப்ட் நின்றால் ஒரு வருஷமாவது நின்ற பிறகுதான் மெக்கானிக்கைத் தேடுவார்கள். காலையில் நின்றதற்கு மதியமே ஆள் வருகிறது என்றால் உள்ளே யாரோ பெரிய மனிதர் மாட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

நானும் என் கூட்டாளி பயூமியும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு மன்றம் இருக்கிற முனீராப் பேட்டைக்குப் போனோம். வாசல் காவலாளி பையைத் தலைகீழாகக் கொட்டினான். ஒவ்வொரு ஸ்பேனரையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"உண்மையச் சொல்லுங்க. பக்கத்து நாட்டு மன்றம் அனுப்பின ஆளுங்கதானே நீங்க?"

"லிஃப்ட் ரிப்பேருக்கு வந்திருக்கோம்ப்பா."

"போன வருஷமும் ஒருத்தன் குழாய் ரிப்பேர்னுதான் வந்தான். ஒரு சொல்லைத் திருடிட்டுப் போயிட்டான்."

"என்ன சொல்லு?"

"அத வெளிய சொல்லக் கூடாது" என்று பையைத் திருப்பிக் கொடுத்தான்.

லிஃப்டில் பழுதே இல்லை. பேராசிரியர் நஷாத்தும் பேராசிரியர் லபீப்பும் காலையில் தெரியாத்தனமாக ஒரே நேரத்தில் அதில் ஏறிவிட்டார்கள். இருவரும் மன்றத்தின் பிணக்குச் சொற்கள் குழுவில் உறுப்பினர்கள். பிடிவாதத்தைக் குறிக்கும் சொற்களுக்கு என்ன பொருள் என்பதில் தகராறு வந்து, பல வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. மூன்றாம் மாடிக்குப் பொத்தானை யார் அமுக்குவது? அமுக்கினவர் இறங்கிப் போனவர் ஆகிவிடுவார். எனவே ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி மதியம் வரை நின்றிருக்கிறார்கள். நான் கதவை இழுத்துத் திறந்து பொத்தானை அமுக்கினேன். நான் எந்தக் கட்சி என்பது போல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மேலே குழுத் தலைவர் டாக்டர் ருஷ்தி எங்களை உட்காரவைத்து, கேட்காமலேயே காப்பி வரவழைத்தார். அரசு அலுவலகத்தில் கேட்காமல் காப்பி வந்தால் குடிக்கக் கூடாது என்பது என் கொள்கை. பயூமி குடித்துவிட்டான்.

"இந்தப் பிணக்குச் சொல் தொகுதிய நாங்க தொடங்கினப்ப என் மகளுக்குப் பால் பல்லு விழுந்துட்டிருந்துச்சு" என்றார் தலைவர் பெருமையாக. "இப்ப அவ பல் டாக்டர். இத்தன காலத்துல அவசரப்பட்டு ஒரு சொல்லக்கூட நாங்க முடிச்சதில்ல. அதுதான் எங்க சாதனை, உஸ்தா." கைத்தொழில்காரனை எங்கள் ஊரில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பயூமி பெருமூச்சு விட்டான். காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, "பிடிவாதத்துக்கு அர்த்தம் வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க ஐயா" என்றான். நான் அவன் காலை மிதித்தேன். தாமதம்.

விஷயம் இதுதான். பயூமியின் மனைவி இன்ஷிரா கோபித்துக்கொண்டு ஷுப்ராவில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் ஒரு முலூக்கியாக் கீரைக் குழம்பால் வந்தது. முயல் சாற்றில் கீரை கொதிக்கும்போது, நெய்யில் பொரித்த பூண்டைக் கொட்டுகிற அந்தக் கணத்தில், சமைக்கிறவள் திடுக்கிட்டவள் போல 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் குழம்பு ருசிக்காது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று சாப்பாட்டில் பயூமி, "நீ மூச்சு இழுக்கல" என்றான். "இழுத்தேன்" என்றாள். "எனக்குக் கேக்கல" என்றான். "உன் காதுல பஞ்சு" என்றாள். அதற்கு மேல் நடந்ததைக் கேட்டு மாடிக்காரர்களே ஜன்னலைச் சாத்திக்கொண்டார்களாம்.

கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவர, கனமான மனிதர்களோடு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். பயூமியின் சொந்தக்காரர்கள் எல்லாரும் தெற்கே தூரத்தில். அவனுக்குத் தெரிந்த கனமான ஆள் நான்தான். என் கனம் வயிற்றில் மட்டும் இருக்கிறது. என்னோடு ஒருமுறை போனபோது மாமனார் தஸூக்கி, "லிஃப்ட் மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்திருக்கியே, எம் பொண்ணு என்ன நாலாவது மாடியிலயா மாட்டிக்கிட்டா?" என்று அனுப்பிவிட்டார். ரமலான் பிறை தெரிவதற்குள் மரியாதையான ஆட்களோடு வராவிட்டால் காஜியாரை வைத்து அத்துவிட்டுவிடுவதாகவும் சொல்லியிருந்தார். பிறைக்கு அதிக நாள் இல்லை.

இதையெல்லாம் பயூமி சொல்லி முடித்ததும் டாக்டர் ருஷ்தி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.

"எங்க சொல்லுங்களுக்குச் சாட்சிங்க எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒட்டகத்தோட ஒட்டகமா செத்துப்போனவங்க" என்றார். "உயிரோட இருக்கிற ஒரு பிடிவாதக்காரன் இந்த வாசப்படிய மிதிச்சதே இல்ல."

அவருக்கு வலப்பக்கம் நஷாத் ஜன்னலைப் பார்த்தபடியும் இடப்பக்கம் லபீப் அலமாரியைப் பார்த்தபடியும் நின்றிருந்தார்கள்.

தலைவர் மேஜை மணியை அடித்தார். மணி அடித்தால் கூட்டம் தொடங்கிவிட்டதாம். அதன் பிறகு அவர் வீட்டுப் பேச்சுப் பேச மாட்டார், புத்தக நடைதான்.

"உண்மை எதிரே நிற்பதைக் கண்டும் ஏற்க மறுப்பது இனாத். பேசவேண்டியது முடிந்த பின்னும் விடாமல் பேசிக்கொண்டிருப்பது லஜாஜ். தன் பக்கமே தவறு என்று உள்ளுக்குள் தெரிந்தும் கௌரவத்துக்காக வாதாடுவது முகாபரா. மூன்றும் ஒன்றே என்று பேராசிரியர் நஷாத் கருதுகிறார். மூன்றல்ல, ஏழு என்று பேராசிரியர் லபீப் கருதுகிறார். அம்மையார் மூச்சிழுத்தது உண்மையென்றால் இவர் பிடிவாதக்காரர். இழுக்கவில்லையென்றால் அம்மையார் பிடிவாதக்காரர். ஆகவே, அம்மையார் மூச்சிழுத்தாரா இல்லையா என்பதே இன்று அரபு மொழியின் முன் நிற்கும் கேள்வி!"

மறுபடி மணி அடித்தார். குரல் சாதாரணமாகிவிட்டது. "கவலப்படாதீங்க உஸ்தா. உங்க மாமனார் வீட்டுக்கு நாங்க மூணு பேரும் வர்றோம். மூணு டாக்டர் பட்டம். மூணு டை. போதுமா?"

பயூமி அவர் கையை முத்தமிடப் போனான். இறங்கும்போது படிக்கட்டில் வைத்துச் சொன்னேன்: "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுதுடா. இவனுங்க வர்றது உம் பொண்டாட்டிக்காக இல்ல."

"நீ யாரத்தான் நம்பியிருக்க ஹில்மி? வீட்டுல விளக்கப் போடவே பிடிக்கலடா எனக்கு. இவங்க ஓநாயா இருந்தாலும் பரவால்ல, டை கட்டின ஓநாய்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஷுப்ராவுக்குப் போனோம். தஸூக்கிக்குக் கீழே கோழிக்கடை, மேலே வீடு. மூன்று டைகளைக் கண்டதும் அவர் முதல் வேலையாகத் தராசை எடுத்து ஒளித்தார். எடை சோதிக்கும் அதிகாரிகள் இல்லை, மருமகனுக்காக வந்த பெரிய மனிதர்கள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து மாடிக்கு அழைத்துப் போனார். காப்பி வந்தது. வந்த காரியத்தைச் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் கோப்பையைத் தொட வேண்டும். அதுதான் முறை. அவரும் சரி சொல்லத் தயாராகத்தான் இருந்தார். உள்ளறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. இன்ஷிரா வெளியே போகும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். காலடியில் துணி மூட்டை கட்டித் தயாராக இருந்தது. நான் பார்த்தேன். பயூமியும் பார்த்துவிட்டான். அவன் வாய் காது வரை போயிற்று.

'பொண்ண அனுப்பி வைங்க.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். டாக்டர் ருஷ்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி மணியை எடுத்து அடித்தார்.

"மதிப்பிற்குரிய தஸூக்கி அவர்களே! இந்தப் பிணக்கு ஆய்வில் உள்ளது. முடிவதற்குள் சமாதானம் ஏற்பட்டால் சான்று கெட்டுவிடும். எனவே, அம்மையாரைத் தங்கள் இல்லத்திலேயே தொடர்ந்து வைத்திருக்குமாறு மன்றத்தின் சார்பில் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்."

வந்த காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு லபீப் கோப்பையை எடுத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்னு வந்தவனப் பாத்திருக்கேன்" என்றார் தஸூக்கி மெதுவாக. "நீயே வச்சுக்கோன்னு சொல்ல மூணு டாக்டரக் கூட்டிட்டு வந்தவன இன்னிக்குத்தான்டா பாக்குறேன்."

"மாமா, நான் சொல்லல மாமா..."

உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நாடகமா போடுற பயூமி? டை கட்டின ஆளுங்கள வாடகைக்கு எடுத்துட்டு வந்து என்னைய வேண்டாம்னு சொல்ல வைக்கிறியா?"

"அம்மையார் விரும்பினால்," என்றார் தலைவர் கதவைப் பார்த்து, "மன்றத்திலேயே முலூக்கியா சமைத்து, மூச்சிழுப்பை நிரூபிக்கலாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "வர்றேன்! அந்த ஆளு செவிட்டுக் காதுல விழற மாதிரி இழுத்துக் காட்டறேன்!"

கீழே இறங்கியதும் பயூமி ஒரு கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானோ என்று பார்த்தேன். அழத்தான் செய்தான். நஷாத், "இது இனாத்தின் அடையாளம்" என்று காற்றிடம் சொன்னார். லபீப் வேறொரு காற்றிடம் மறுத்தார்.

பிறைக்கு முந்தின நாள் காலையில் இன்ஷிரா மன்றத்துக்கு வந்தாள். தகப்பன் அவளை வாசலில் இறக்கிவிட்டு, "இது முடியட்டும், நாளைக்குக் காஜியார்" என்று பயூமி காதுபடச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அவளே முயல் கொண்டுவந்திருந்தாள், அவளே நறுக்கிய கீரை, வீட்டுப் பானை. கூட்ட அறை மேஜையில் அடுப்பு வைத்தார்கள். வீட்டில் பயூமி உட்காரும் இடத்துக்கும் அடுப்புக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டு அவனை அங்கே உட்காரவைத்தார்கள். நடுவில் சுவர் வேண்டுமே என்று ஆட்சேபம் வந்தது. மன்றம் வெளியிட்ட அகராதித் தொகுதிகளைக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். அந்தப் புத்தகங்கள் ஒருவருக்குப் பயன்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

சாறு கொதித்தது. கீரை போட்டாள். வாணலியில் பூண்டும் மல்லியும் பொன்னிறமாகி, அறை முழுக்க மணந்தது. காவலாளிகூட எட்டிப் பார்த்தான். இன்ஷிரா வாணலியைத் தூக்கினாள், மார்பு நிமிர்ந்தது, அவள் வாயைத் திறக்கவும் மணி அடித்தது.

"ஒரு ஒழுங்குப் பிரச்சினை" என்றார் நஷாத். "மூச்சிழுப்பு பூண்டு விழும் முன்பா, விழும்போதா? முதலில் இதைத் தீர்மானிக்க வேண்டும்."

"விழுந்த பின்பு என்றும் ஒரு கருத்து உண்டு" என்றார் லபீப், அலமாரியைப் பார்த்து.

"பூண்டு கருகுது சார்!" என்றாள் இன்ஷிரா.

"பூண்டு நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்றார் தலைவர்.

பொன்னிறம் சிவப்பாகி, சிவப்பு கறுப்பாகியது. அவர்கள் பேசி முடித்து, 'கொட்டலாம்' என்று அனுமதி கொடுத்தபோது வாணலியில் கரிதான் இருந்தது. கொட்டினாள். கரிந்த பூண்டைப் பார்த்து எந்தப் பெண்ணுக்கு மூச்சிழுக்க வரும்? புகை அடித்து இருமல்தான் வந்தது.

"நிகழ்ந்தது இருமல். மூச்சிழுப்பு நிகழவில்லை" என்று தலைவர் அறிவித்தார். "இன்று நிகழாததால் அன்றும் நிகழவில்லை. அம்மையாரே பிடிவாதக்காரர். ஏற்பவர்கள் கை தூக்கலாம்."

நஷாத்தும் லபீப்பும் சேர்ந்து கை தூக்கினார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்று பிறகு காவலாளி சொன்னான்.

இன்ஷிரா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கண் சிவந்திருந்தது. புகையாகவும் இருக்கலாம். "கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவகூட நான் இழுக்காம விட்டதில்ல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அவ்வளவு வாய் பேசுகிறவள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த மூன்று பேர் மேலும் வாணலியை எறியலாம் போலிருந்தது.

அப்போது அகராதிச் சுவர் சரிந்து விழுந்தது. பயூமி அதைத் தாண்டி வந்தான்.

"அவ இழுத்தா. நான் கேட்டேன்."

"இப்போதா?" என்றார் தலைவர்.

"இப்ப எங்க இழுக்க விட்டீங்க? அன்னிக்கு. நல்லாவே கேட்டுச்சு. பக்கத்து வீட்டுப் பூனகூட எந்திரிச்சு உக்காந்துச்சு."

"பின் ஏன் கேட்கவில்லை என்றீர்?"

பயூமி தரையைப் பார்த்தான். "அன்னிக்கு இவ தம்பி வந்திருந்தான். முயல் தொடைய அவன் தட்டுல வச்சுட்டா. எனக்குக் கழுத்து. அதப் போய் எப்படி வாய் விட்டுக் கேக்கறது? ஆம்பள, தொடைக்கு அழுதான்னு சொல்ல மாட்டாங்களா? அதான் மூச்சு மேல பழியப் போட்டேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலாவது கால் மைத்துனன் தட்டுக்குப் போனதற்காகக் குடும்பத்தையே பிரித்துக்கொண்டவனை அன்றுதான் பார்த்தேன்.

"அடடா!" என்று தலைவர் தன்னை மறந்து வீட்டுப் பேச்சில் துள்ளினார். "அசல் முகாபரா! உயிரோட!" உடனே அவர் முகம் வாடியது. மேஜையில் இருந்த தீர்மானத்தைப் பார்த்தார். மணியை அடித்தார். "ஆயினும் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. தீர்மானப்படி மூச்சிழுப்பு நிகழவில்லை. நிகழாததை நீங்கள் கேட்டிருக்க முடியாது."

"இது என் காது சார்!"

"சாட்சியாக வந்த பிறகு அது மன்றத்தின் காது."

அதற்குள் இன்ஷிரா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

"தொடையா? ஒரு முயல் தொடைக்கா என்னைய இத்தன நாளு அப்பன் வீட்டுல உக்காந்து கோழி இறகு பிடுங்க வச்ச?"

"பின்னந்தொடை!"

"பட்டாளத்துலேருந்து லீவுல வந்த புள்ளய்யா அவன்! எலும்பும் தோலுமா வந்து நின்னான்!"

"நான் மட்டும் என்ன கொழுத்தா கிடக்கேன்? நாள் பூரா லிஃப்ட் கயித்துல தொங்குறேன்!"

"கழுத்துதான் எனக்குப் பிடிக்கும்னு கல்யாணம் ஆன புதுசுல நீதானே சொன்ன?"

"புதுசுல சொன்னதையெல்லாமா நம்புவாங்க?"

"ஓகோ! அப்ப புதுசுல வேற என்னென்னவோ சொன்னியே, அதுவும் பொய்தானா?"

அதன் பிறகு இரண்டு பேரும் அவிழ்த்துவிட்டதை இங்கே எழுத முடியாது. வீம்பு, முரண்டு, வரட்டு கௌரவம், கழுதை, கழுதையின் தாய்மாமன் என்று அத்தனைக்கும் எங்கள் தெருவில் எத்தனை சொல் இருக்கிறதோ அத்தனையும் வந்து விழுந்தன. எனக்கே தெரியாத சிலதும் வந்தன. இப்போதாவது எழுதிக்கொள்கிறார்களா என்று நான் குழுவைப் பார்த்தேன். ஒருவர்கூடப் பேனாவைத் தொடவில்லை. நஷாத் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். "அத்தனையும் தெருப்பேச்சு. ஒன்றுகூடச் சொல் அல்ல" என்றார் லபீப்.

தலைவர் மணியை விடாமல் ஆட்டினார். "அமைதி! இங்கே சண்டைச் சொற்கள் பற்றிய ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது! சண்டை போடுவதென்றால் தயவுசெய்து வெளியே போங்கள்!"

வெளியே தள்ளப்பட்டோம். வாசலில் காவலாளி, சொல் எதையாவது எடுத்துப் போகிறோமா என்று பானைக்குள் கரண்டி விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

தெருவிலும் சண்டை நிற்கவில்லை. அவள் முன்னால், அவன் பின்னால், பானையோடு நான் கடைசியில். பஸ் நிறுத்தத்தில் ஷுப்ரா போகிற பஸ் வந்து நின்றது. ஏறி அப்பன் வீட்டுக்கே போய்விடுவாளோ என்று பார்த்தேன். இன்ஷிரா அதற்கு முதுகைக் காட்டி நின்று அவன் அம்மாவின் சமையலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது. பின்னாலேயே ஸையிதா பஸ் வந்தது. எங்கள் பேட்டை பஸ். பேசிக்கொண்டே ஏறினாள். பயூமி பதில் சொல்லிக்கொண்டே ஏறினான். அவளைக் கூட்டிவரக் கனமான மனிதர்கள் ஒருவரும் இல்லை. பானை தூக்கிய என்னை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஏறிய பிறகாவது அவளுக்கு எந்த பஸ் என்று தெரிந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். கேட்டுக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"வீட்டுல பூண்டு இருக்கா?"

பயூமி விழித்தான். "இல்ல."

"இருக்காது. எப்படி இருக்கும்? நான் இல்லாத வீட்டுல உப்புகூட இருந்திருக்காது. சந்தகிட்ட இறங்கி வாங்கிட்டு வா. பல்லு பெருசா பாத்து வாங்கு, போன தடவ மாதிரி சொத்தைய வாங்கிட்டு வந்து நிக்காத."

பஸ் நிற்பதற்கு முன்பே அவன் குதித்து இறங்கினான்.